சுன் முதலாளி ஊருக்குப் போகிறார்

பதுளை பசாரில் துணி எடுக்க வருகிற தோட்டத்துப் பெண்கள் எந்தக் கடையில் ஏறினாலும் கஜக்கோலின் நுனியிலேயே கண்ணாக இருப்பார்கள். சுன் சில்க் ஹவுஸில் மட்டும் அப்படிப் பார்ப்பதில்லை. அங்கே துணி கிழிபடும்போது அவர்கள் வேறு கதை பேசிக்கொண்டு நிற்பார்கள்.

கல்லாவில் இருப்பவர் முருகையா. எழுபதைத் தாண்டியவர். முகம் அப்படியே சீன முகம், அப்பாவின் முகம். நெற்றியில் பட்டையாகத் திருநீறு. புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கி இங்கிலீஷில் ஏதாவது கேட்பார்கள். அவர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, "என்னாம்மா வேணும், சீலையா, சட்டைத் துணியா? உள்ளுக்கு வாங்க" என்பார். வந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவருக்கு அது பழகிப்போன சிரிப்பு.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. வருடத்தில் கடை நிரம்புகிற ஒரே பருவம் அதுதான். அந்த நேரம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை வேலையாட்கள் கையில் விட்டுவிட்டு, கொஸ்லந்தைக்கு மேலே இருக்கிற தோட்டத்தில் அப்பாவைப் புதைத்த குழியைத் தோண்டப் புறப்பட்டார் முருகையா. மனைவி விஜயலெட்சுமிக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைச் சட்னி அரைக்கும்போதும், இடியப்பத்தைத் தட்டில் வைக்கும்போதும், தேத்தண்ணியை ஆற்றும்போதும் சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

"போறது போறீங்க. வரும்போது அந்தப் பொட்டியோட வாசப்படி ஏறிறாதீங்க. எலும்ப வீட்டுக்குள்ள கொண்டாந்த குடும்பம் எங்கயாச்சும் வெளங்கியிருக்கா?"

"வீட்டுக்கு எதுக்குக் கொண்டாரேன்? கடை ஸ்டோருல வைப்பேன். அடுத்த கெழம பிளேன் ஏறிரும்."

"சீலை எடுக்க வர்றவளுக்கெல்லாம் தெரிஞ்சா கடையில கால வைப்பாளா?"

"தெரிஞ்சா என்னா? அது யாரு கடை?"

விஜயலெட்சுமி தேத்தண்ணியை அவர் பக்கம் தள்ளினாள். "அவரு பாட்டுக்குப் பேசாம படுத்திருக்காரு. ஒங்களுக்குத்தான் தூக்கம் வரல" என்றாள்.

மகள் ஜீவராணி வாசலில் வேனைத் திருப்பி நிறுத்தியிருந்தாள். கடையின் கொள்முதலெல்லாம் இப்போது அவள் கையில். பின்னிருக்கையில் ஒரு சிறிய தேக்குப் பெட்டி இருந்தது. அதன்மேல் சிவப்புப் பட்டு ஒரு துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது.

முருகையாவின் அப்பா சுன் முதலாளி இந்த ஊருக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில். சீனாவில் ஷாண்டொங் பக்கம், நிலக்கடலை விளைகிற ஒரு கிராமம் அவருடையது. பஞ்சத்தில் கிளம்பிக் கப்பலேறிக் கொழும்பில் இறங்கினார். அவருக்கு முன்பே வந்திருந்த சீனத் துணி வியாபாரிகள் கொழும்புத் தெருக்களையும் கண்டித் தெருக்களையும் தமக்குள் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். கடைசியாக வந்தவருக்கு ரயில் பாதையின் கடைசிதான் மிஞ்சியது. ஒரு நீலத்துணிப் பொதியோடு பதுளை ஸ்டேஷனில் இறங்கினார்.

அன்றைய பதுளை துரைமார்களின் ஊர். அரசாங்கக் கச்சேரி, கோர்ட், கிளப், பந்தயத் திடல். அவர்களின் பங்களாக்களுக்குப் பின்வாசல் வழியாகப் போய்ச் சரிகைப் பூ வேலை செய்த மேசை விரிப்புகளைத் துரைசானிகளுக்கு விற்றார். அதே பொதியில் அடியில் இருந்த சாட்டின் துணியைத் தோட்டத்து ஜனங்களின் வரிசை வீடுகளான லயங்களில் விரித்தார். தேயிலைக் கொழுந்துக் கறை படிந்த விரல்கள் அந்த வழுவழுப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பின்வாங்கும். "தொடு அக்கா, தொடு" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழ் அப்போது அவ்வளவுதான். ஆண், பெண், கங்காணி, தபால்காரன் எல்லாருமே அவருக்கு அக்கா.

துணி அளக்க அவரிடம் ஒரு மூங்கில் கோல் இருந்தது. அவர் ஊர்த் தையல்காரர்கள் வைத்திருக்கிற கோல். அதில் மூன்று அடி. இங்கேயும் கஜத்துக்கு மூன்று அடி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் சரிதான் என்று அதையே வைத்து அளந்தார். ஆனால் சீனாக்காரரின் அடி வெள்ளைக்காரனின் அடியை விடக் கொஞ்சம் நீளம். கஜத்துக்கு நாலு விரல் கூடுதலாகத் துணி போய்க்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. சட்டை தைக்கக் கொடுத்த பெண்கள் மிச்சம் விழுந்த துண்டில் பிள்ளைக்கு ஒரு ரவிக்கை தைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அடுத்த மாதமும் அவரையே எதிர்பார்த்தார்கள்.

பசாரில் இருந்த மற்ற ஜவுளிக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள். கள்ளக்கோல் வைத்து அளக்கிறான் என்று கச்சேரிக்கு மனுப் போட்டார்கள். அளவு பார்க்கிற உத்தியோகத்தர் இரும்புக் கஜத்தோடு வந்து, தெருவில் கூட்டம் நிற்க, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். முத்திரை குத்தின கஜம் வாங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். சுன் முதலாளி அன்று ராத்திரி எவ்வளவு துணியை இப்படி விட்டிருக்கிறோம் என்று யோசித்து அழுதாராம். மறுநாள் முத்திரைக் கஜம் வாங்கினார். ஆனால் அதற்குள் செய்தி பசறை வரைக்கும், லுணுகலை வரைக்கும் போய்விட்டது. "சீனா கஜம்" கேட்டு ஜனம் வந்தது. அவர் முத்திரைக் கஜத்தால் அளந்து, நாலு விரலை மேலே வைத்துக் கிழித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கடையில் அதுதான் வழக்கம்.

பொதி சைக்கிளுக்கு மாறியது. சைக்கிள் ஒரு அறைக் கடைக்கு மாறியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கடை வைத்திருந்தவர்கள் சரக்கைப் பதுக்க, இவர் லயம் லயமாகப் போய்க் கல்யாணம் வைத்திருந்த வீடுகளுக்கு முதலில் கொடுத்தார். யுத்தம் முடிந்தபோது அந்த அறையும் பக்கத்து அறையும் அவருடையதாகியிருந்தன. பிறகு மேல் மாடி. பிறகு பண்டாரவளையில் ஒரு கிளை. பதுளையில் கார் வைத்திருந்த சில வியாபாரிகளில் அவரும் ஒருவர்.

இதற்கெல்லாம் நடுவில் மாரியாயி வந்தாள். கொஸ்லந்தைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குப் பொதி சுமந்து, லயத்துக்கு லயம் அவருடைய வாயாக இருந்தவள். அவர் விரலைக் காட்டுவார், அவள் விலையைச் சொல்வாள். மாரியாயியின் அண்ணன் கங்காணி. தங்கச்சி சீனாக்காரனோடு போனதில் அவருக்கு ஒரு வருடம் கோபம் இருந்தது. முருகையா பிறந்ததும் தொட்டிலுக்குச் சீலையோடு வந்துவிட்டார்.

இவ்வளவு வந்தும் ஒன்று வரவில்லை. ஊருக்குத் திரும்ப வழியில்லை. அங்கே ராஜ்ஜியம் மாறியது, இங்கேயும் மாறியது. எந்த நாட்டுக் கடதாசியும் அவரிடம் இல்லாமல் போயிற்று. தோட்டத்து ஜனங்களைப் போலவே அவரும் நாடற்றவர். கிராமத்தில் அவருக்கு ஒரு முதல் மனைவி இருந்தாள். கப்பலேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு கட்டிவைத்தது. மாரியாயிக்கு அது ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

கடைசிக் காய்ச்சலில் சுன் முதலாளி மகனைக் கூப்பிட்டுச் சொன்னது இரண்டே வாக்கியம். "எரிக்காதே. எலும்பு ஊருக்கு."

பதுளையில் புதைக்க இடம் கேட்டபோது, எந்த மதம், எந்த நாடு என்று கேள்வி வந்தது. மாரியாயியின் அண்ணன்தான் தோட்டத்து மயானத்தில் இடம் கொடுத்தார். முருகையாவுக்குக் குடியுரிமை கிடைத்தபோது அவருக்கே தலை நரைத்துவிட்டது. பிறகு ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்று போனது. போன வருடம் துணி வாங்கச் சீனா போன ஜீவராணி ரயில் பிடித்து அந்தக் கிராமத்தைத் தேடிப் போனாள். சுன் முதலாளியின் தம்பி மகன் உயிரோடு இருந்தார். முதல் மனைவி மறு கல்யாணம் செய்துகொள்ளாமலே செத்துப்போயிருந்தாள். அவளுடைய கல்லறையில் பக்கத்து இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

இந்த வருடம் மலையும் அவசரப்படுத்தியது. மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதற்குப் பிறகு அந்தப் பக்கத்து மலைகளில் வெடிப்பு விழுந்தால் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. மயானத்துக்கு மேலே நீளமாகப் பூமி பிளந்திருந்தது. கீழே இருந்த லயத்து ஜனங்களை மாதம் முடிவதற்குள் வேறு தோட்டத்துக்கு இறக்கச் சொல்லிச் சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டார்கள். பெருமழை தொடங்குவதற்கு முன் எடுத்தால் எடுத்ததுதான்.

பண்டாரவளையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. ஜீவராணி விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஓட்டினாள்.

"அப்பா, வெறும் வயித்தோடயா வந்தீங்க? இடியப்பம் அப்படியே இருந்திச்சு."

"எறங்கல."

"பயமா இருக்கா?"

"பயமென்னா. அவரு என்னா பேயா? ஒரு சொல்ல இம்புட்டு நாளு இழுத்துட்டேன், அதுதான்."

தோட்டத்தில் மேட்டு லயத்தின் முன்னால் சாமான்கள் குவிந்திருந்தன. தகரப் பெட்டி, தையல் மெசின், பிரித்துக் கட்டிய கட்டில், சாமி படங்கள் கட்டின ஒரு படங்குச் சாக்கு. ராசம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முருகையாவின் தாய்மாமன் மகள். அவளுடைய அண்ணன் பழனியாண்டி முற்றத்தில் உட்கார்ந்து அலவாங்குக் கடப்பாரையின் முனையைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரும் எழுபதைத் தொட்டவர்தான். இந்தத் தோட்டத்தில் யார் செத்தாலும் குழி அவர் கையால்தான்.

"வாங்க மச்சான், வாங்க! சீனாப் பயணமாமே! ஒங்கப்பாவுக்கு மட்டுந்தான் டிக்கட்டா, எங்களுக்கெல்லாம் இல்லியா?" என்றாள் ராசம்மா.

"ஒனக்கும் போட்டுருவோம். பொட்டிக்குள்ள அடங்குவியா?"

"அடங்குற ஒடம்பா இது? அன்னைக்கு எங்கப்பா சொன்னப்பவே என்னக் கட்டியிருந்தா இன்னைக்கு நானும் கல்லாவுல ஒக்காந்து காத்தாடி போட்டுக்கிட்டு இருப்பேன். பதுளக்காரி தட்டிட்டுப் போயிட்டா."

"கட்டாதது ஒனக்கு நல்லதாப் போச்சு. நம்ம புள்ளைக எந்த மொகத்தோட பொறந்திருக்குமோ?"

பழனியாண்டி மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டியும் கட்ட சம்பலும் வந்தது. முருகையா ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தேத்தண்ணியில் முக்கித் தின்றார். காலையிலிருந்து அவர் சாப்பிட்டது அதுதான்.

"எப்ப எறங்குறீங்க?" என்று கேட்டாள் ஜீவராணி.

"பொதங்கெழம லொறி வருதாம். மொதல்ல பள்ளிக்கூடத்துல வைப்பாங்களாம், பொறகு வீடாம். நெலத்தப் போயிப் பாத்துட்டு வந்தோம். கோழிக்கூண்டு மாதிரி வரிசையா கோடு போட்டு வச்சிருக்கான். மயானம் எங்கன்னு அங்க நின்ன உத்தியோகத்தர்கிட்டக் கேட்டேன். அதெல்லாம் பொறகு பாப்போம்னாரு. சாகறத ஒத்திப் போட்டுட்டுத்தான் போகணும் போல" என்றாள் ராசம்மா.

சுகாதாரப் பரிசோதகர் குடையோடு வந்து சேர்ந்தார். இளவயதுச் சிங்களவர். குழி தோண்டுவதற்குக் கோர்ட்டில் வாங்கிய அனுமதியை வாசித்துப் பார்த்து, "ஹரி, எல்லாம் சரி. மழைக்கு மொதல் முடிக்க வேணும்" என்றார். எல்லாரும் மயானத்துக்கு ஏறினார்கள்.

தேயிலையைக் கவ்வாத்து வெட்டிவிட்ட சரிவின் ஓரத்தில், நாலைந்து சவுக்கு மரங்களுக்குக் கீழே மயானம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடுகள். ஒன்று சுன் முதலாளி. மற்றது மாரியாயி. அப்பா செத்து ஏழாம் வருடம், அண்ணன் சீக்காக இருக்கிறார் என்று பார்க்க வந்த இடத்தில் மாரியாயி இங்கேயே கண்ணை மூடிவிட்டாள். பெருமழை. ரோட்டெல்லாம் மண் சரிந்து கிடந்தது. முருகையா நடந்தும் ஏறியும் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஈரமான புது மேட்டைக் காட்டினார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் வந்து இரண்டு மேட்டிலும் விளக்கு வைப்பார்.

அன்றும் முதலில் அம்மாவின் மேட்டில் கற்பூரம் கொளுத்தினார். "அம்மா, அப்பாவக் கூட்டிட்டுப் போறேன். நீ சொன்னதுதான்" என்றார்.

ஜீவராணி அவரைப் பார்த்தாள்.

"ஒங்க அப்பாயிதான் சொல்லுச்சு. உசுரோட இருக்கறவரைக்கும் என்கிட்ட இருந்துட்டாரு, செத்ததும் அவகிட்டக் குடுத்துரு, பாவம் அவளும் ஒரு பொம்பளதானேன்னு."

பழனியாண்டி அலவாங்கை ஊன்றியபடி நின்றார். "மச்சான், மழை வர்ற மாதிரி இருக்கே. இன்னொரு நாளைக்கு வச்சுக்குவமா?"

"இன்னொரு நாளு ஏது? பொதங்கெழம நீயே இங்க இருக்க மாட்ட."

பழனியாண்டி அலவாங்கைக் கீழே வைத்தார். சுன் முதலாளியின் மேட்டில் மண்வெட்டியைப் போட்டார். மேல்மண் பிட்டாக உதிர்ந்தது. கீழே போகப் போகக் களி. ஒவ்வொரு வெட்டுக்கும் மண்வெட்டியை உருவி எடுக்க வேண்டியிருந்தது. அவர் களைத்தபோது முருகையா இறங்கினார். சட்டையைக் கழற்றிவிட்டு இடுப்பளவு குழியில் நின்று மண்ணை அள்ளி மேலே போட்டார். ஜீவராணி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

பெட்டி பலா மரம். மேல்மூடி உள்ளுக்கு விழுந்து கிடந்தது. அதை நீக்கியதும் பழனியாண்டி கையால் களியை வழித்தார். ஒரு மண்டை ஓடு வந்தது. மேல்வரிசையில் ஒரு தங்கப் பல். முருகையா அதை இரண்டு கையாலும் வாங்கிச் சிவப்புப் பட்டின் மேல் வைத்தார். பிறகு குனிந்து தாமாகவே மண்ணைத் துழாவினார்.

இன்னொரு மண்டை ஓடு வந்தது. கொஞ்சம் சின்னது. பல்லெல்லாம் வெற்றிலைக் கறை.

பரிசோதகர் குடையைச் சாய்த்துக் குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இது யாரு?" என்றார் முருகையா.

பழனியாண்டி குழியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அத்தை."

"அத்தைக்குத்தான் அந்தா மேடு இருக்கே."

"அது வெறும் மேடு, மச்சான். அந்த மழையில எங்க தோண்டினாலும் ஊத்து. மூணு எடம் தோண்டினோம். தண்ணி வந்து நெறஞ்சிருது. அப்பாதான் சொன்னாரு, சுன்னோட குழியத் தொறங்கடா, புருசன் பொஞ்சாதிதானேன்னு. அவரு எலும்ப ஓரமா ஒதுக்கிட்டு அத்தைய நடுவுல வச்சோம். பொறகு நீங்க வர்றீங்கன்னு சேதி வந்துச்சு. ஒத்தப் புள்ள, ஒரு பிடி மண்ணு போட ஏலாமப் போச்சேன்னு வருவீங்க. தாய்க்குன்னு ஒரு மேடாச்சும் இருக்கட்டும்னு எழுப்பி வச்சோம். அப்பா ஒங்ககிட்டச் சொல்லிக்கிறேன்னாரு. சொல்லியிருப்பாருன்னுதான் இத்தன நாளும் நெனச்சேன். வெளக்கு வைக்கிறது ஒரு மரியாதைக்குன்னு இருந்துட்டேன். நீங்க இப்ப அந்த மேட்டுக்கிட்ட அம்மான்னு பேசினப்பத்தான் தெரிஞ்சுச்சு, சொல்லலன்னு."

முருகையா அந்த வெறும் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். கற்பூரம் அணைந்து கரித் தடம் இருந்தது.

"இத்தன வருசமும் அங்கயா வெளக்கு வச்சேன்?"

"பக்கந்தானே மச்சான். அத்தைக்குத் தெரிஞ்சிருக்கும்."

பரிசோதகர் கோர்ட் அனுமதியை விரித்துக் காட்டினார். "மொதலாளி, ஓடர் ஒரு ஆளுக்குத்தான். ரெண்டு பேர் எடுக்க ஏலாது."

ஜீவராணி குழிக்குள் இறங்கி அப்பாவின் பக்கத்தில் நின்றாள். "அப்பா, தங்கப் பல்லு இருக்கு. தல யாருதுன்னு தெரியும். அத மட்டும் கொண்டு போவோம். போதும்."

"தலைய மட்டும் கொண்டு போயி, காலு எங்கன்னு கேட்டா என்னா சொல்லுவ?"

"அப்ப எல்லாத்தையும் கொண்டு போவோம். ரெண்டு பேரையும்."

"எங்க?" ராசம்மா மேலேயிருந்து சத்தம் போட்டாள். "எங்க அத்தைய எங்க கொண்டு போறீங்க? அங்க ஒருத்தி எடம் போட்டு வச்சிருக்காளாமே, அவ பக்கத்துலயா? காலம் பூரா மலையில நின்னு கொழுந்தெடுத்தவள, பொதி சொமந்து ஒங்கப்பனப் பணக்காரனாக்கினவள, பாஷ தெரியாத ஊருல சக்களத்தி காலடியில கொண்டு போயிப் போடப் போறியா? எங்க வீட்டுப் பொண்ணு அவ. கேக்க ஆளில்லைன்னு நெனச்சியா?"

"அப்ப இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்றியா? இந்த மலை நிக்குமா? மேல பாத்தியா, எம்புட்டு வாயத் தொறந்து வச்சிருக்குன்னு?"

"நீ ஒங்கப்பனக் கொண்டு போ. அத்தைய நான் கொண்டு போறேன். நாங்க எங்க எறங்குறோமோ அங்க அவளும் வரட்டும். மயானம் இல்லேன்னா என்னா? என் வீட்டுப் பின்னால வைப்பேன். எவன் கேக்குறான்னு பாப்போம்."

பரிசோதகர் இதையெல்லாம் முழுக்க விளங்கிக்கொண்டாரோ என்னவோ. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நான் கீழ வாகனத்துல இருக்கிறேன். மழை வருது" என்றார். சரிவில் கவனமாகக் கால் வைத்து இறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

முருகையா குழியின் விளிம்பைப் பிடித்து மேலே ஏறினார். பிறகு, "ரெண்டு சாக்கு கொண்டா" என்றார்.

சாக்குகளைத் தரையில் விரித்தார்கள். தங்கப் பல் வைத்த தலை ஒன்றின் நுனியில். வெற்றிலைக் கறைத் தலை மற்றதன் நுனியில். பழனியாண்டி களியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் அலசிக் கொடுக்க, முருகையா வாங்கினார். தொடை எலும்புகள் சுலபமாக இருந்தன. சுன் முதலாளி நெட்டையானவர். மாரியாயி அவருடைய தோளுக்குத்தான் வருவாள். நீளமானது இந்தப் பக்கம், குட்டையானது அந்தப் பக்கம். கை எலும்புகளும் அப்படியே. ஒவ்வொன்றையும் வைக்கும்போது, "இது அப்பா", "இது அம்மா" என்று வாய்விட்டுச் சொன்னார். ஜீவராணி முதலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் உட்கார்ந்து துடைத்துக் கொடுக்கத் தொடங்கினாள்.

விலா எலும்பு வந்தபோது முருகையா அதைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு சாக்கின் மேலும் பிடித்துப் பார்த்தார்.

"மச்சான், இது?"

"தெரியல மச்சான்."

"நீதானே எத்தன பேர அடக்கம் பண்ணியிருக்க?"

"அடக்கந்தானே பண்ணியிருக்கேன். பிரிச்சதில்லியே."

அதை இரண்டுக்கும் நடுவில் புல்லில் வைத்தார். அடுத்ததையும் அங்கேயே வைத்தார். முதுகுத் துண்டுகள் வந்தன. கைவிரல், கால்விரல் வந்தன, புளியங்கொட்டை மாதிரி சின்னச் சின்னதாக. அந்த மண்ணின் புளிப்பு பலதைப் பாதி தின்றுவிட்டிருந்தது. தொட்டால் நுனி உதிர்ந்தது. ராசம்மா குனிந்து ஒரு விரலை எடுத்தாள். "இது அத்தையோடதுதான். கொழுந்துக் கை" என்றாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், எதுவும் சொல்லாமல் நடுவிலேயே திரும்ப வைத்தாள்.

மேல் மலையை மழை மறைத்துவிட்டது. சவுக்கு மரங்கள் இரைந்தன.

முருகையா அப்பாவின் சாக்கில் இருந்ததைப் பட்டில் சுற்றித் தேக்குப் பெட்டிக்குள் அடுக்கினார். தலையைக் கடைசியாக வைத்து மூடினார். பெட்டி நிறையவில்லை. ஆடாமல் இருக்க ஜீவராணி தன் கழுத்திலிருந்த துப்பட்டாவை உருவித் திணித்தாள். ராசம்மா மற்றச் சாக்கின் நாலு மூலையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு, கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டுவது மாதிரி ஒரு கயிற்றைக் கோத்து நெற்றியில் கொடுத்துக்கொண்டு எழுந்தாள். அவளுக்கு அது பாரமாகவே இல்லை. அதுதான் அவளை அழவைத்தது.

நடுவில் இருந்த குவியல்தான் மூன்றிலும் பெரியது.

"இத என்னா செய்ய?" என்றார் பழனியாண்டி.

"எங்க இருந்துச்சோ அங்கயே வையி."

பழனியாண்டி அதை வாழையிலையில் வாரிக் குழிக்குள் இறங்கி வைத்தார். மேலே வந்து மடியிலிருந்த கற்பூரத்தைத் தேடி எடுத்தார். காற்றுக்கு முதுகைக் காட்டித் தீக்குச்சியை உரசினார். பற்றவில்லை. இன்னொன்று உரசினார்.

"யாரு பேரச் சொல்லட்டும் மச்சான்? மாமா பேரா, அத்தை பேரா?"

முருகையா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார். மழையின் முதல் துளிகள் பெட்டியின் மூடியில் விழுந்து ஓசை எழுப்பின.

"பேரு வேணாம்," என்றார். "மண்ணத் தள்ளு."